சுவிட்ச் வெளியே இருக்கிறது

ஃபிலிம் ரோலின் தகர மூடியை நெம்பித் திறந்த பிறகுதான் சுவிட்ச் ஞாபகம் வந்தது. இந்த வீட்டில் குளியலறை விளக்குக்குச் சுவிட்ச் வெளியே, கதவை ஒட்டிய சுவரில். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தேன், கதவுக்கடியில் துண்டைத் திணித்தேன், தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்தேன், தலைக்கு மேலே இருக்கிற ட்யூப்லைட்டைக் கழற்ற மட்டும் மறந்துவிட்டேன். இப்போது ஃபிலிம் சுருள் என் உள்ளங்கையில் வெறுமனே கிடக்கிறது, அதைச் சுற்றி இருட்டைத் தவிர வேறு காவல் இல்லை. சென்னையில் என் அறையில் இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. கையை உள்ளே விட்டுச் செய்கிற கறுப்புப் பை ஒன்று உண்டு, அது இருந்தால் நடு வெயிலில் உட்கார்ந்துகூடச் செய்யலாம், அது அங்கேயே கிடக்கிறது. பாளையங்கோட்டைக்கு ஃபிலிம் கழுவவா வந்தேன், தங்கச்சிக்குப் பிரசவம் என்று வந்தேன். வெளியே வளையல் சத்தம். அம்மா. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள், நடக்கவில்லை, நிற்கிறாள், வளையல் ஒருமுறை குலுங்கி அடங்குகிறது. காலையில் அடுக்களையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளே, “எமி, படம் ஒண்ணும் வரலைன்னு சொல்லிரு. அது பொய் இல்லட்டி, மருந்து. அவளுக்கு இப்பம்தான் ரெண்டு வாய் சோறு இறங்குது.” நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாளா, மறுப்பு என்று எடுத்துக்கொண்டாளா? சம்மதம் என்று எடுத்திருந்தால் இப்படிக் கதவுக்கு வெளியே வந்து நிற்க மாட்டாள். ஒரு விரல் போதும். வேண்டுமென்றுகூட இல்லை, சுவரில் கையை ஊன்றினால் போதும். டக்கென்று ஒரு சத்தம், வெள்ளை வெளிச்சம், அவ்வளவுதான், அந்தப் பிள்ளை இரண்டாம் முறையும் போய்விடும்.

கத்தரிக்கோலைத் தடவி எடுக்கிறேன், ஃபிலிம் நுனியைப் பெருவிரலால் அளந்து நேராக வெட்டுகிறேன், ரீலின் வாயைத் தேடுகிறேன். ரீல் ஒரு பிளாஸ்டிக் சக்கரம், இரண்டு கையாலும் முன்னும் பின்னுமாகத் திருகினால் அதன் பள்ளத்தில் ஃபிலிம் தானாக உள்ளே ஏறிக்கொள்ளும், சுற்றுக்குச் சுற்று இடைவெளி விட்டு, ஒன்றையொன்று தொடாமல். எல்லாச் சுற்றுக்கும் ஃபிலிம் கழுவுகிற மருந்து போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. ஏறுகிறது. டிக், டிக் என்று ஏறுகிறது. தங்கச்சி கெத்சி உள்ளறையில் படுத்திருக்கிறாள், தூங்கவில்லை, எனக்குத் தெரியும், இந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள். எமீமாள், கெத்சியாள். பைபிளில் பாடெல்லாம் பட்ட யோபுவுக்குக் கடைசியில் பிறந்த பெண்களின் பெயரை அப்பா எங்களுக்கு வைத்தார். எல்லாத் துன்பமும் தீர்ந்த பிறகு பிறந்த பிள்ளைகள் என்று அர்த்தமாம். கெத்சிக்கு எட்டாம் மாதத்திலேயே பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள், ஆண் பிள்ளை. அவள் ஒரு மாடியில் மயக்கத்தில், அவன் இன்னொரு மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள். காலையில் பிறந்தான், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் போய்விட்டான். அவளுக்கு நினைவு திரும்பியபோது அடக்கம்கூட முடிந்திருந்தது. பிள்ளை எங்கே என்றாள், சொன்னோம். முகம் எப்படி இருந்துச்சு என்றாள். யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, ஒரு முகத்தை எப்படி வாயால் சொல்வது? போட்டோ இருக்கா என்றாள். ஜெபசிங் தரையைப் பார்த்துக்கொண்டு, “அந்த அவசரத்துல யாருக்கும் தோணல கெத்சி” என்றார். அவள் புருஷன், நல்ல மனுஷன், கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்ததும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து தன் போனில் இருந்ததையெல்லாம் அழித்தார், அம்மா போனை வாங்கி அழித்தார், பிறகு என்னிடம் கையை நீட்டினார். “மயினி, உங்க போனத் தாங்க. அவ கண்ணுல பட்டுச்சுன்னா அவளும் போயிருவா.” அழுதுகொண்டே அழித்தார். ஒவ்வொன்றையும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அழித்தார். நானும் கொடுத்தேன். என் கேமரா என் கழுத்தில்தான் கிடந்தது. அதன் முதுகில் திரை கிடையாது, வெறும் கறுப்புத் தோல். அவர் அதைப் பார்த்தார், அதில் பார்க்க ஒன்றும் இல்லை, பார்வையை எடுத்துக்கொண்டார்.

நின்றுவிட்டது. ரீல் சுழல்கிறது, ஃபிலிம் ஏறவில்லை. பாதியில் எங்கேயோ கடித்துக்கொண்டிருக்கிறது. பள்ளத்தில் ஈரம் இருந்திருக்க வேண்டும், இந்த அறையில் எதில்தான் ஈரம் இல்லை, சுவர் வியர்க்கிறது, நான் வியர்க்கிறேன், முழங்கையிலிருந்து ஒரு துளி இறங்கி மணிக்கட்டில் நிற்கிறது. அழுத்தாதே. அழுத்தினால் மடிந்துவிடும், மடிந்த இடத்தில் பிறை மாதிரி ஒரு தழும்பு விழும், அது எந்தப் படத்தின் மேல் விழும் என்று யாருக்குத் தெரியும். அப்படியே அள்ளி, மருந்து ஊற்றுகிற டேங்க்குக்குள் திணித்து மூடிவிடலாமா, மூடிவிட்டால் வெளிச்சம் தொடாது, வெளியே போய் ட்யூப்லைட்டைக் கழற்றிவிட்டு ஆற அமர வந்து செய்யலாம். ஆனால் திணித்தால் ஒன்றோடொன்று உரசும். அதோடு வெளியே போனால் அம்மா திரும்ப உள்ளே விட மாட்டாள், கையைப் பிடித்துக்கொள்வாள், அழுவாள், அவள் அழுதால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது. மெதுவாகப் பின்னுக்கு இழு. எல்லாரும் கேட்கிறார்கள், இன்னும் ஏன் இந்த ஃபிலிம் கேமராவைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று. பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள், புத்தக அட்டைக்குப் படம் கேட்கிற பதிப்பாளர் கேட்கிறார், இன்றைக்கு எடுத்தால் இன்றைக்கே அனுப்ப முடியாதா மேடம் என்கிறார். கெத்சியே சொல்லுவாள், அக்கா கழுத்துல அம்மிக்கல்லக் கட்டிக்கிட்டு அலையுதா என்று. நான் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன். பேட்டரி தீர்ந்து நின்றதில்லை என்பேன், எல்லாம் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான், மலையிலும் ஓடும் மழையிலும் ஓடும். எண்ணி எண்ணி எடுக்க வைக்கும் என்பேன். லென்ஸ் வளையத்தை விரல் தானாகத் திருப்பும், யோசிக்க வேண்டாம் என்பேன். எல்லாம் உண்மைதான், ஆனால் சொல்லும்போதே இன்னொருவர் சொன்னதை ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். ஒரு காரணம் அதற்கெல்லாம் அடியில் இருந்தது, நான் அதைத் தொட்டதில்லை. கேமராவின் முதுகில் திரை இருந்தால் எடுத்த உடனே எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். காட்டு, நல்லா இல்ல, அதை எடுத்துரு, இன்னொண்ணு எடு. அழகில்லாத முகம் போகும், அழுத முகம் போகும், யாருக்கு எது வலிக்கிறதோ அது போகும். இந்தப் பெட்டிக்குள் போனதை நானே எட்டிப் பார்க்க முடியாது. என்னிடமிருந்துகூட அது பத்திரமாக இருக்கும். இதையெல்லாம் நான் படிக்கட்டில் ஜெபசிங் பக்கத்தில் நின்றபோதுதான் முதல்முதலாகத் தெரிந்துகொண்டேன்.

“எமி.” அம்மாவின் குரல் கதவோடு ஒட்டி வருகிறது. “என்னம்மா.” “ஆயிட்டா?” “இல்லம்மா. ஃபிலிம் மாட்டிக்கிட்டு.” அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பிறகு, மிகவும் மெதுவாக, யாரோ அடுப்பைப் பற்றிக் கேட்கிற மாதிரி, “இப்பம் லைட்டப் போட்டா என்னட்டி ஆகும்?” என் விரல்கள் நின்றுவிட்டன. சொல்லலாம், ஒன்றும் ஆகாது என்று சொல்லலாம், அப்படிச் சொன்னால் போட்டுவிடுவாளோ, சும்மா சோதித்துப் பார்க்கவாவது? “எல்லாம் போயிரும்மா” என்றேன். “போனா?” “போனா போனதுதான். திரும்ப வராது.” வளையல். சுவரில் வளையல் உரசுகிற சத்தம், கண்ணாடி சுண்ணாம்பில் கீறுகிற சத்தம், இந்தச் சத்தம் எனக்குத் தெரியும், சின்ன வயதில் நான் உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போது அம்மா விளக்கைப் போடுவாள், அப்போதும் முதலில் வளையல் உரசும், பிறகு டக். கையில் இருக்கிற ஃபிலிமை வயிற்றோடு அணைத்துக் குனிந்துகொள்கிறேன், முதுகால் மறைத்தால் வெளிச்சம் வராதா, வரும், எப்படி மறைத்தாலும் வரும், தெரிந்தும் குனிகிறேன். “எனக்கும்தான் ஒண்ணு போச்சு” என்கிறாள். “உனக்கு முன்னால. அதுக்கு ஒரு படமா, துணியா, என்ன வச்சிருக்கேன்? முகமே மறந்துட்டு. நான் நல்லாத்தான இருக்கேன்?” நல்லாத்தான் இருக்கிறாய் அம்மா. கிறிஸ்மஸுக்குப் பலகாரம் சுடுகிறாய், கொயரில் பாடுகிறாய், பக்கத்து வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைக்கிறாய். ஆனால் எனக்கு முன்னால் ஒன்று இருந்தது என்பதையே இந்த வயதில், ஒரு கதவு வழியாகத்தானே கேட்கிறேன். பொண்ணா, பையனா? கேட்க வேண்டும் என்று வாய் வருகிறது. கேட்டால் கை நழுவும். “அம்மா, அந்தச் சுவத்துல இருந்து கைய எடு” என்று மட்டும் சொல்கிறேன். எடுத்தாளா இல்லையா தெரியவில்லை.

பின்னுக்கு இழு, மெதுவாக, இன்னும் கொஞ்சம். ஒரு சின்ன நொறுங்கல், எங்கேயோ மடிந்திருக்கிறது, சரி, அது போகட்டும், ஒரு படம் போகட்டும். எந்தப் படம்? பெட்டிக்குள் அவன் இடது பக்கம் திரும்பிப் படுத்திருந்தானே, அதுவா, கை விரலை மூக்குக் குழாயில் கோத்துக்கொண்டிருந்தானே, அதுவா? அந்த வார்டில் நீல விளக்கு எரிந்தது, சின்னதாக ஒரு மணியோசை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது, நர்ஸ் என் கேமராவைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், “சீக்கிரம் எடுத்துக்கோங்க, ஃபிளாஷ் போடாதீங்க” என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். வெளிச்சம் போதாது. ஷட்டரை அதன் மிக மெதுவான இடத்துக்குக் கொண்டுபோய், முழங்கையை விலாவில் இறுக்கி, மூச்சை நிறுத்தி அழுத்தினேன். போனில் எடுத்தால் சத்தம் வராது. இது சத்தம் போடும், உள்ளே கண்ணாடி எழும்பி விழுகிற சத்தம், அந்த அமைதியில் யாரோ கதவைச் சாத்தின மாதிரி கேட்டது. அவன் அதிர்ந்தான். இரண்டு கையும் விரிந்தன, கண் திறந்தது. காலையிலிருந்து யார் கூப்பிட்டும் திறக்காத கண். நான் ஃபிலிமை நகர்த்துகிற லீவரை இழுத்து மறுபடி அழுத்தினேன், ஆனால் அழுத்துகிற கணத்தில் இந்தக் கேமராவில் பார்வை மறைந்துவிடும், உள்ளே கண்ணாடி மேலே எழும்பி வழியை மறைத்துக்கொள்ளும், ஃபிலிம் பார்க்கிறதை நான் பார்க்க முடியாது. கண்ணாடி இறங்கி மறுபடி பார்க்கும்போது அவன் கண் மூடியிருந்தது. எப்போது மூடினான்? நான் அழுத்துவதற்கு முன்னாலா, அழுத்தின பிறகா, அந்த இருட்டிலா? அன்றிலிருந்து இதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சாப்பிடும்போது, கெத்சிக்குத் தலை வாரிவிடும்போது, முன்னாலா, பின்னாலா. நேற்று அவள் தலையைத் திருப்பாமலே கேட்டாள், “அக்கா, நீ அந்தக் கேமரா இல்லாம எங்கயும் போக மாட்டியே?” ஆமா என்றேன். “அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தப்பம் கழுத்துல கெடந்துச்சா?” சீப்பு முடியிலேயே நின்றுவிட்டது. நின்றதுதான் பதில். “இங்கயே கழுவு. சென்னைக்குக் கொண்டு போகாத. கொண்டு போனா நீயும் தொலைஞ்சுட்டுன்னு சொல்லிருவ.”

ஏறுகிறது. டிக். ஏறுகிறது, கடவுளே, ஏறுகிறது, நிறுத்தாதே, வேகமும் வேண்டாம். கடைசி நுனி விரலில் தட்டுப்படுகிறது, ஃபிலிம் சுற்றியிருந்த தண்டிலிருந்து வெட்டுகிறேன், ரீலை டேங்க்குக்குள் இறக்குகிறேன், மூடியைத் தேடுகிறேன், மூடி எங்கே, இங்கேதானே வைத்தேன், வாளிக்குப் பக்கத்தில், சோப்பு, மக், ஈரத் தரை, மூடி. திருகுகிறேன். கடைசிப் பல்லில் போய் உட்காருகிற சத்தம் கேட்கிறது. இனிமேல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. என்னைத் தவிர. “அம்மா, முடிஞ்சுட்டு. லைட்டப் போட்டுக்கோ” என்றேன். சொல்லி முடிக்கவில்லை, விளக்கு எரிந்தது. சொல்லி முடிப்பதற்குள் எரிந்தது. அப்படியென்றால் அவள் விரல் இவ்வளவு நேரமும் அதன் மேலேயேதான் இருந்திருக்கிறது. ட்யூப்லைட் இரண்டு தரம் துடித்து நிலைத்த வெளிச்சத்தில் என் கைகள் வெள்ளையாக, ஊறிப்போய், வேறு யாருடையதோ மாதிரி இருந்தன.

மருந்தை ஊற்றுகிறேன், கவிழ்த்து நிமிர்த்துகிறேன், தரையில் தட்டிக் குமிழியை விடுகிறேன். அந்த வார்டின் வெளிச்சம் குறைச்சல், அதனால் மருந்தில் கூடுதல் நேரம் விட வேண்டும், அப்போதுதான் அவன் தெரிவான். விடு, இன்னும் விடு. அப்போதுதான் நினைவு வந்தது, இந்த ரோலின் முன்பாதியில் வேறு என்னவோ எடுத்திருந்தேன். போன மாதம் இங்கே வந்திருந்தபோது மாடியில், நல்ல வெயிலில், கெத்சி வயிற்றின் மேல் தட்டை வைத்துக்கொண்டு கொய்யாப்பழம் தின்றாள், எடுக்காதக்கா பன்னி மாதிரி இருக்கேன் என்று கையை ஆட்டினாள். இவனுக்காகக் கூடுதல் நேரம் விட்டால் அவள் கருகிப்போவாள், அவளுக்குச் சரியான நேரத்தில் நிறுத்தினால் இவன் வர மாட்டான். இரண்டு பேரும் ஒரே டேங்க்குக்குள், ஒரே மருந்தில். கடிகாரத்தைப் பார்க்கிறேன், பார்வை முள்ளில் நிற்க மாட்டேன் என்கிறது. நிறுத்தவில்லை. அவள் கருகட்டும், அவள் உள்ளறையில் இருக்கிறாள், இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். இன்னும் ஒன்று, இப்போதும் நேரம் இருக்கிறது, டேங்க்கை இந்த வெளிச்சத்திலேயே திறந்துவிட்டு வெளியே போய், வரலைட்டி என்று சொல்லலாம். அவள் அழுவாள், ஒரு நாள் அழுவாள், பிறகு அம்மா மாதிரி ஆவாள். பலகாரம் சுடுவாள். யாரிடமும் சொல்லாமல். அவள் இதைப் பார்த்து மறுபடி சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் அதற்கு யார் பொறுப்பு, நான்தானே. அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஜெபசிங் சொல்வதிலும் இருக்கிறது. எல்லாருக்கும் அவள் மேல் பிரியம், எல்லாரும் அவளுக்காகத்தான் அழிக்கிறார்கள், அவளை யாரும் கேட்கவில்லை. மருந்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் விட்டேன், இனி வெளிச்சம் பட்டாலும் படம் அழியாமல் நிறுத்துகிற ஃபிக்ஸரை ஊற்றினேன், புளிப்பு நாற்றம் மூக்கில் ஏறியது. கதவில் தட்டுகிற சத்தம். அம்மாவின் தட்டல் இல்லை.

தாழ்ப்பாளை எடுத்தேன். கெத்சி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நைட்டிக்கு மேல் துண்டு போட்டு, ஒரு கை அடிவயிற்றுத் தையலின் மேல். அவள் பின்னால் அம்மா, முகம் வெளிறி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. “வந்துட்டாக்கா?” “இன்னும் பாக்கல.” “பாரு.” டேங்க்கைத் திறந்தேன், ரீலிலிருந்து நுனியைப் பிடித்து உருவினேன், சொட்டச் சொட்ட அது நீண்டு வந்தது, ஜன்னலில் அடித்த கறுப்புத் துணியைக் கிழித்து எறிந்துவிட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். முதலில் மாடி. கெத்சி, கறுத்து அடர்ந்து, கருகித்தான் போயிருந்தாள், ஆனாலும் தட்டும் வயிறும் தெரிந்தன. அப்புறம் பிறை மாதிரி அந்தத் தழும்பு, தண்ணீர்த் தொட்டியின் மேல் விழுந்திருந்தது, வெறும் தண்ணீர்த் தொட்டி. அப்புறம் கண்ணாடிப் பெட்டி. லேசாக, புகை மாதிரி, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு லேசாக. அவள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “இது முடியா? வெள்ளையா இருக்கு?” “கறுப்புட்டி. இதுல எல்லாம் மாறித் தெரியும். நிறைய முடி.” “நிறையவா?” “காது மறையிற அளவுக்கு.” அவள் மூச்சு என் கழுத்தில் வேகமாகப் பட்டது. “அழுதானா?” “இல்ல. ஒரு தரம் கண்ணத் திறந்தான்.” அடுத்த படம். விரிந்த இரண்டு கைகள். முகம் கொஞ்சம் அசைந்திருந்தது, கேமரா ஆடினதா அவன் ஆடினானா தெரியவில்லை, அந்த அசைவுக்குள் கண் இருந்த இடத்தில் இரண்டு வெளிறிய பொட்டுகள். திறந்த கண்ணா, இமையின் நிழலா? எத்தனை கிட்டே கொண்டுபோனாலும் தெரியவில்லை. பிரிண்ட் போட்டால் தெரியலாம். தெரியாமலும் போகலாம்.

அவள் அழவில்லை. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை, இன்றைக்கு நடக்கவில்லை, நாளைக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. ஃபிலிமின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தாள், கொய்யாப்பழத்திலிருந்து கண்ணாடிப் பெட்டி வரைக்கும், மறுபடியும். அம்மா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. “போடத்தான் நின்னேன்” என்றாள், யாரைப் பார்த்தும் இல்லாமல். “கை வரல.” கெத்சி திரும்பி அவளைப் பார்த்தாள், எதைச் சொல்கிறாள் என்று அவளுக்குப் புரிந்திருக்காது, “இங்க வந்து பாரும்மா” என்று சற்று விலகி இடம் விட்டாள். அம்மா வந்தாள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். நான் ஃபிலிமைக் கழுவி, கொடிக்கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, காய்ந்ததும் இத்தனை இத்தனை படமாக வெட்டி உறையில் போட வேண்டுமே என்று பழக்கத்தில் கத்தரிக்கோலை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். கெத்சி என் மணிக்கட்டைப் பிடித்தாள். “வெட்டாத” என்றாள். “நானும் அவனும் ஒண்ணா இருக்கோம்லா.”